மல்வேர்ன் சீட்டு பிறந்த கதை

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. இடப்பக்கம் இருபது பெயர்கள், மேலே மாதங்கள், காசு கட்டியவரின் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம். ரொறன்ரோவின் வடகிழக்கில், 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே இருக்கிறது மல்வேர்ன். அங்கே தமிழர் வீடு வாங்கிய கதையையும் கடை திறந்த கதையையும் கேட்டுக்கொண்டு போனால், பாதி வழியில் இப்படியொரு கொப்பி வந்து நிற்கும். வங்கி மேலாளர் அதற்குப் பிறகுதான் வருவார்.

மல்வேர்ன் அவசரக்காரருக்குப் பலன் கொடுத்த ஊர் அல்ல. 1857இல் டேவிட் ரீசர் என்பவர் இங்கே மனை பிரித்து விற்றபோது, இது பெரிய ஊராக வளரும் என்று சொல்லித்தான் விற்றார். ஒரு நூற்றாண்டு அது சின்னக் கிராமமாகவே கிடந்தது. 1950களில் மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் சுற்றியிருந்த பண்ணை நிலங்களைச் சுவீகரித்தது. அங்கே கட்டிய முதல் வீடுகளில் ஆட்கள் குடிபுக 1972 ஆயிற்று.

அதற்குப் பத்து, பதினைந்து வருடம் கழித்து ஈழத்தமிழர் வரத் தொடங்கினார்கள். 1983 ஜூலைக் கலவரம் துரத்திய கூட்டம் அது. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் மீட்டது எல்லோருக்கும் தெரிந்த சம்பவம். மற்றவர்கள் விமான நிலையத்தாலும் எல்லைப் பாலங்களாலும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் நகரின் நடுவே சென் ஜேம்ஸ் டவுன் மாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து இருந்தார்கள், பிறகு ஸ்காபரோ எங்கும் பரவினார்கள்.

கோப்பை கழுவினார்கள், தொழிற்சாலையில் நின்றார்கள், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார்கள். கையில் காசு புழங்கியது. ஆனால் கடன் கேட்டுப் போனால் கதை வேறு. அகதிக் கோரிக்கை முடியாதவரின் சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும். அந்த முதல் இலக்கத்தைப் பார்த்ததும் ஆள் இன்னும் தற்காலிகம் என்பது வங்கிக்குத் தெரிந்துவிடும். கடன் வரலாறும் கிடையாது, பிணை நிற்க ஆளும் கிடையாது. ஊரிலோ பயண முகவருக்குக் கொடுத்த காசுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

அந்த இக்கட்டில்தான் ஊர்ச் சீட்டு கனடாவில் மறுபடி பிறந்தது. யாழ்ப்பாணத்தில் அது புதிதல்ல. தாலிக்கொடி செய்ய, கிணறு வெட்ட, தோட்டத்துக்கு இயந்திரம் வாங்க என்று வீட்டுப் பெண்கள் சிறுகச் சேர்த்துக் கட்டிய சீட்டுகள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தன. இலங்கை முழுவதும் அது அவ்வளவு பரவியிருந்ததால்தான் 1935இல் சீட்டுக்கென்றே ஒரு தனிச் சட்டம், 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வந்தது. மல்வேர்னுக்கு அந்தச் சட்டம் வரவில்லை, பழக்கம் மட்டும் வந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு வீட்டின் நிலவறை. தேத்தண்ணியும் பற்றீசும் மேசையில். இருபது பேர், ஆளுக்கு மாதம் 500 டொலர், இருபது மாதம். முதல் மாதச் சீட்டு, 10,000 டொலர் முழுசாக, சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்கு. அவரது பொறுப்புக்கு அதுதான் கூலி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரக்காரர் கழிவு கூற வேண்டும்.

"ஆயிரத்து ஐந்நூறு."

"ஆயிரத்து எண்ணூறு."

"இரண்டாயிரம், அக்கா."

"என்னடாப்பா உனக்கு இவ்வளவு அவசரம்?"

"கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் எடுக்கோணும் அக்கா. வெயில் வாறதுக்கு முதல் வேணும்."

"வேற ஆரும் கேக்கிறியளோ?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொப்பியில் எழுதியாகிவிட்டது.

தம்பியின் கைக்கு 8,000 டொலர் வரும். அவர் விட்டுக்கொடுத்த 2,000 இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஆளுக்கு 400 கட்டினால் போதும். மாதம் போகப்போக அவசரக்காரர் குறைவார்கள், கழிவும் குறையும். 2,000இல் தொடங்கிய கழிவு ஒரே சீராக இறங்கி இருபதாம் மாதம் ஒன்றுமில்லாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் ஒவ்வொருவரும் கட்டியிருப்பது 9,050 டொலர். கடைசிவரை பொறுத்தவர் 10,000 எடுப்பார். இரண்டாம் மாதமே எடுத்த தம்பி 8,000 வாங்கி 9,050 கட்டியிருப்பார். பொறுத்தவரின் லாபம் 950, அவசரத்தின் விலை 1,050. ஒரே கொப்பியில் கடனாளியும் சேமிப்பாளரும் அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள்.

தம்பி நட்டப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஃபிரிட்ஜில் வைத்து விற்ற மீனும் சோடாவும் 1,050 டொலருக்கு மேல் உழைத்துக் கொடுத்தால் கணக்குச் சரி. சீட்டின் உண்மையான வேலை அடுத்த பதினெட்டு மாதத்தில்தான் தெரியும்.

இங்கே கடைக்காரரின் வருடம் மேடும் பள்ளமுமானது. கோடையில் கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று கல்லா நிறையும். ஜனவரி, பெப்ரவரிப் பனியில் வாசற்கதவு திறக்கிற சத்தமே அரிது. சீட்டுக்கு இந்தக் காலநிலை தெரியாது. பெப்ரவரியிலும் காசு வைக்க வேண்டும், சாட்டுச் சொல்ல இடமில்லை. ஓகஸ்டில் கையில் காசு புரள்கிறதென்று ஆயிரமாகக் கட்டவும் விடமாட்டார்கள். கீழேயும் ஓர் எல்லை, மேலேயும் ஓர் எல்லை. இந்தக் கடிவாளம் பழகியவர், சீட்டுக் காசைத் தினம் கல்லாவிலிருந்து தனியே எடுத்து வைப்பார். கோடை விற்பனையை நம்பிப் பனிக்காலத்துச் செலவை ஏற்றமாட்டார். பழகாதவர் ஒரு நல்ல கோடையைப் பார்த்துவிட்டு மூன்று சீட்டில் ஒருமிக்கச் சேருவார். அடுத்த மார்ச்சில் ஒரு சீட்டை எடுத்து மற்றச் சீட்டுக்குக் கட்டுவார். கடை மூடுகிற பாதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லோரையும்விடக் கூடுதலாகக் கையை அடக்க வேண்டியவர் சீட்டுப் பிடிக்கிறவர். மாதாமாதம் ஊரார் காசு அவர் மேசைக்கு வருகிறது. சொந்தக் கடைக்குச் சாமான் இறக்க இரண்டு நாள் அதைத் திருப்பினால் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் இரண்டு கிழமை ஆகும்போதுதான் சீட்டு உடைகிறது, சில வேளை ஆளும் ஊரைவிட்டு மறைகிறார். இந்தியாவில் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணை வைக்க வேண்டும் என்கிறது. மல்வேர்ன் நிலவறையில் பிணை என்று இருப்பது அந்த அக்காவின் பெயர் மட்டுமே. அவர் இருபது வருடம் ஒரு சதம் பிசகாமல் பிடித்தார் என்பதுதான் அடுத்த சீட்டில் ஆள் சேரக் காரணம்.

மல்வேர்னின் அயல் வீடுகளிலும் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் உண்டு. ஜமெய்க்காக்காரர் 'பார்ட்னர்' என்பார்கள், திரினிடாட்காரர் 'சூசூ', கயானாக்காரர் 'பொக்ஸ் ஹான்ட்', சோமாலியர் 'ஹக்பாத்'. ஸ்காபரோவில் உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தின் பேராசிரியர் கரோலின் ஷெனாஸ் ஹொசைன், இவற்றை நடத்தும் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிவருகிறார். 'வங்கியாளர் சீமாட்டிகள்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய சுழற்சிச் சீட்டை, விவசாயப் பொருளாதாரத்திலிருந்து வணிகப் பொருளாதாரத்துக்கு ஏறும் ஓர் இடைப்படியாகக் கண்டார். வங்கி வந்தால் அது தானே மறையும் என்பது அவர் கணிப்பு. கனடாவின் பெரிய வங்கிகளுடைய கோபுரங்கள் நிற்கும் இதே நகரத்தில் அது மறையவில்லை.

ஏன் மறையவில்லை என்பதை இன்றைய கடைக்காரர்களைப் பார்த்தால் விளங்கும். 9இல் தொடங்கிய இலக்கம் மாறி எத்தனையோ காலம். வங்கியே வலியக் கடன் தருகிறது. கொப்பியின் இடத்தில் வாட்ஸ்அப் குழு, நோட்டுக் கட்டின் இடத்தில் மின்பரிமாற்றம். அப்படியும் சிலர் ஒரு சீட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். வங்கிக் கடனைத் தவணைக்குப் பிந்திக் கட்டினால் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம். சீட்டுக் காசு பிந்தினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பத்தொன்பது பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் கையைத் தானே கட்டிவைக்க ஊரைச் சாட்சிக்கு வைப்பது புத்திசாலித்தனம் என்று அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சேவையை எந்த வங்கியும் இன்னும் விற்கத் தொடங்கவில்லை.