எந்தத் தட்டையும் வாசிக்கும் பெட்டி

டிவிடி வந்த 1990-களின் பிற்பகுதியில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் உலக வரைபடத்தை ஆறு துண்டாக வெட்டின. அமெரிக்காவும் கனடாவும் ஒன்றாம் மண்டலம். ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு. தென்கிழக்காசியா மூன்று. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் லத்தீன் அமெரிக்காவும் நான்கு. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் ஐந்து. சீனா ஆறு. ஒரு மண்டலத்தில் விற்ற தட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடக் கூடாது. அமெரிக்கத் திரையரங்கில் ஓடி முடிந்து டிவிடியாகிவிட்ட படம் ஐரோப்பாவில் அப்போதுதான் வெளியாகும். அந்த வசூல் கெட்டுவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை.

இந்த வரைபடத்தை ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மேல் விரித்துப் பாருங்கள். அம்மா கொழும்பில், அதாவது ஐந்தில். மூத்தவர் மோர்டனில், இரண்டில். தங்கை டொரன்டோவில், ஒன்றில். சித்தப்பா சிட்னியில், நான்கில். சித்தியின் மகன் சிங்கப்பூரில், மூன்றில். சீனாவில் மட்டும்தான் ஆள் இல்லை.

நான் திருச்சிக்காரன். 2003-இல் கணினி முதுகலைப் படிப்புக்காக லண்டன் வந்து, வேலை கிடைத்தபின் நார்தர்ன் லைனின் கடைசி நிலையமான மோர்டனில் தங்கிவிட்டேன். ரயில் இங்கே 1926-இல் வந்தது. அதற்கு முன் இது வயல்வெளி. இன்று டூட்டிங்கிலிருந்து மிச்சம் வழியாக இங்கே வரும்வரை தமிழ்க் கடைகளைப் பார்க்கலாம். 2011 குடிமதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். இத்தனை பேரின் வரவேற்பறையில் டீவிக்குக் கீழே எந்தப் பெட்டி இருந்தது என்பதை யாரும் வரலாறாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. தகவல் தொழில்நுட்பத்தில் பிழைப்பவன் என்பதால் எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு கண்.

முதலில் டெக். பாக் நீரிணைக்கு இரு புறமும் அதற்கு ஒரே பெயர்தான். எங்கள் தெருவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் 'டெக் எடுத்துப் படம் போடுவார்கள்'. யாழ்ப்பாண நண்பர்கள் சொல்லும் கதையில் கூடுதலாக ஒரு ஜெனரேட்டர் இருக்கும். டீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம். 1983 ஜூலைக்குப் பிறகு லண்டனுக்கு வந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். மளிகைக் கடைகளின் பின்சுவரில் விஎச்எஸ் நாடாக்கள் அடுக்கப்பட்டன. கொப்பிக்குக் கொப்பி, அதற்கும் ஒரு கொப்பி என்று போய், கதாநாயகியின் முகம் வெறும் வெளிச்சமாகிவிடும்.

லண்டன்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. பிரிட்டன், இந்தியா, இலங்கை மூன்றும் பால் முறை: 625 வரி, நொடிக்கு 25 படம். ஊரிலிருந்து வந்த நாடா இங்கே அப்படியே ஓடியது. வட அமெரிக்கா என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 30. டொரன்டோவில் எடுத்த கல்யாண வீடியோவைச் சாதாரண லண்டன் டெக்கில் போட்டால் படம் நிற்காமல் உருளும். காசு கொடுத்து மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

பால் முறைக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 படமாக எடுக்கப்படுவது. பாலுக்கு மாற்றும்போது அதை 25-ஆக ஓட்டிவிடுவார்கள். வேகம் நான்கு சதவீதம் கூடும்; இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும்; பாட்டின் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். நாடாவில் மட்டுமே இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த லண்டன் பிள்ளைகள் அவரைக் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. பின்னால் டிவிடியில் கேட்டபோது ஏதோ மந்தமாக இருக்கிறது என்று சிலர் சொன்னதுண்டு.

1993-இல் விசிடி வந்தது. பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து வகுத்த முறை. ஒரு தட்டில் 74 நிமிடம். தமிழ்ப் படத்துக்கு இரண்டு, சில சமயம் மூன்று தட்டு தேவைப்படும். இடைவேளை வருமிடத்தில் தட்டு முடியாது. பாட்டின் நடுவில் முடியும். படமும் விஎச்எஸ்ஸைவிட மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேகமான காட்சி வந்தால் கட்டம் கட்டமாக உடையும். மேற்கு நாடுகளில் யாரும் இதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆசியாவோ விழுந்து விழுந்து வாங்கியது. காரணம் எளிது: பூட்டு இல்லை, மண்டலம் இல்லை, சாதாரண சீடி எழுதியிலேயே நகல் எடுக்கலாம். தமிழ்நாட்டில் 'திருட்டு விசிடி' என்பது ஒரே சொல்லாகிவிட்டது. 2004-இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தார்கள். (இலங்கைத் தமிழில் இதற்கு இறுவட்டு என்று அழகான சொல் உண்டு. நாங்கள் குறுந்தகடு என்று எழுதுவோம். பேசும்போது இரு தரப்பும் சீடிதான்.)

மலிவு பிளேயரின் மகிமை இங்கேதான் தொடங்குகிறது. டிவிடி பிரிட்டனுக்கு வந்தது 1998-இல். ஆரம்பத்தில் ஒரு பிளேயர் பல நூறு பவுண்டு. அந்தத் தொடக்ககாலப் பெட்டிகளில் பலவற்றுக்கு வீட்டில் எழுதிய சீடியை வாசிக்கத் தெரியாது. டிவிடிக்கான சிவப்புக் கதிர் அந்தத் தட்டின் சாயப்பூச்சில் பட்டுச் சரியாகத் திரும்பாது. அதற்கு இன்னொரு லேசர் வேண்டும். சில பெட்டிகள் விசிடி என்றாலே மறுத்துவிடும். கொடுத்த காசுக்கு அவை மண்டலக் கட்டுப்பாட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

நாலைந்து வருடத்தில் சீனத் தொழிற்சாலைகள் சூப்பர்மார்க்கெட்டுகளை நிறைத்துவிட்டன. கெட்டில் வாங்கும் இடத்திலேயே டிவிடி பிளேயரும் கிடைத்தது, ஐம்பது பவுண்டுக்கும் கீழே. உள்ளே மீடியாடெக், இஎஸ்எஸ் போன்ற நிறுவனங்களின் ஆயத்தச் சில்லு. தொழிற்சாலைக்காரர் ஆறு மண்டலத்துக்கு ஆறு பெட்டி செய்வாரா? ஒரே பெட்டியைச் செய்து, மண்டல எண்ணை நினைவகத்தில் ஒரு அமைப்பாக வைத்தார். அதை மாற்ற ஒரு மறைவான மெனு இருந்தது. ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் திறக்கும். அங்கே போய் 0 என்று வைத்தால் பெட்டி எந்த ஊர்த் தட்டையும் வாசிக்கும். நான் முதலில் தங்கிய வீட்டில் ஏழு பேர். அந்த எண் வரிசை ஒரு துண்டுச்சீட்டில் பிளேயரின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. வாடகை ஒப்பந்தத்தைவிடப் பத்திரமாக அதைக் காத்தோம்.

மறுபக்கம் தமிழ்ப் பட டிவிடி வெளியிட்டவர்கள். லண்டனிலிருந்து இயங்கிய ஐங்கரன் போன்றவர்களின் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 'எல்லா மண்டலமும்', 'என்டிஎஸ்சி' என்று இருக்கும். லண்டன் நிறுவனம் ஏன் அமெரிக்க முறையில் வெளியிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். விடை கணக்கில் இருக்கிறது. பால் நாட்டுப் பிளேயரும் டீவியும் பெரும்பாலும் என்டிஎஸ்சியையும் ஏற்றுக்கொள்ளும். அமெரிக்க, கனடியப் பெட்டிகள் பாலை ஏற்பது அரிது. ஒரே அச்சில் டொரன்டோ, ஓஸ்லோ, கோலாலம்பூர் மூன்றுக்கும் அனுப்ப வேண்டுமென்றால் என்டிஎஸ்சிதான் வழி. ஹாலிவுட்டுக்கு ஆறு சந்தை. தமிழ்ப் படத்துக்கு இருந்தது ஒரே சந்தை, அது பல நாட்டில் சிதறிக் கிடந்தது.

இப்படித்தான் ஒருவரையொருவர் அறியாத இருவர், சீனத் தொழிற்சாலைக்காரரும் தமிழ்ப் பட வியாபாரியும், அந்த ஆறு துண்டு வரைபடத்தை அவரவர் லாபத்துக்காகக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். எங்கள் வீடுகளில் அவர்கள் சந்தித்தார்கள். சிக்கனத்துக்காக நாங்கள் மலிவுப் பெட்டி வாங்கினோம் என்பது பாதி உண்மை. டொரன்டோவிலிருந்து அத்தை அனுப்பும் குழந்தைகள் படம், சென்னை விசிடி, சிட்னிக் கல்யாணம், பக்கத்து வீட்டுப் பையன் எழுதித் தந்த தட்டு எல்லாம் ஓட வேண்டுமென்றால் விலை உயர்ந்த பெட்டி உதவாது. கணினிக்காரர்களும் தப்பவில்லை. 2000-லிருந்து வந்த கணினி டிவிடி டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். அதற்குப் பின் கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

டிவிடி தந்த பெரிய விஷயம் படத்தின் தெளிவு என்பார்கள். எனக்கு அது ஆங்கிலத் துணைவரிகள்தான். நாடாவில் அது அபூர்வம். இங்கே பிறந்த பிள்ளைகள் அப்பம்மாவோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சிரிக்க முடிந்தது. பாட்டு வந்தால் மட்டும் வரிகள் காணாமல் போகும். படத்தின் பாதி உணர்ச்சி இருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேநீர் குடிக்கப் போய்விடுவார். வியாபாரியின் முத்திரை மட்டும் மூலையில் கடைசிவரை நிற்கும், சில தட்டுகளில் தொலைபேசி எண்ணோடு.

2007-இல் மோசர் பேயர் இந்தியாவில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தட்டோடு போட்டியிட்ட விலை அது. ஊருக்குப் போய் வந்தவர்களின் பெட்டியில் மிளகாய்த்தூளுக்கு நடுவே இருபது முப்பது படம் வந்தது. அந்த நிறுவனம் படத் தயாரிப்பிலும் இறங்கியது. 2008-இல் சசி இயக்கிய 'பூ' அதிலொன்று. 2018-இல் அதைக் கலைத்துவிட நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

அதற்குள் தட்டின் காலமே முடிந்துகொண்டிருந்தது. ப்ளூ-ரேயில் தமிழ்ப் படங்கள் கொஞ்சமே வந்தன. அதற்கும் மண்டலம் உண்டு: கனடா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. பெட்டி செய்பவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒப்போ 2018-இல் நிறுத்தியது, சாம்சங் 2019-இல் அமெரிக்காவுக்குப் புதிய மாடல்கள் இல்லை என்றது. நெட்ஃப்ளிக்ஸ் 2023 செப்டம்பர் 29-இல் கடைசித் தட்டைத் தபாலில் அனுப்பியது. இணைய ஓடைகளில் மண்டலம் சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. ஒரே சந்தா, ஒரே படம், சென்னையில் இருக்கும், மோர்டனில் இருக்காது. இந்த முறை ரிமோட்டில் எண் எதுவும் இல்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931-இல் வந்தது. பிரதி ஒன்றுகூட இல்லை. இலங்கையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. நமக்குப் படம் தொலைவது புதிதல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த நடுத்தரப் படங்கள் பலவற்றை இன்று இணையத்தில் பார்த்தால் மூலையில் பழைய டிவிடி முத்திரை தெரியும். இருபது வருடம் முன்பு யாரோ அவசரமாக மாற்றியதுதான் கையில் இருக்கும் பிரதி என்று அதற்குப் பொருள்.

வீட்டுத் தட்டுகளின் நிலை இன்னும் மோசம். 2000-களில் எடுத்த சாமத்தியவீடு, கல்யாணம், அந்தியேட்டி எல்லாம் டிவிடி-ஆரில் எழுதப்பட்டவை. தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டில் தகவல் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். எழுதிய தட்டில் அது வெறும் சாயம். வெயிலும் ஈரமும் அதைத் தின்னும். விளிம்பிலிருந்து நிறம் மாறத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. வன்னியில் 2009-க்கு முன் எடுத்த ஒரு கல்யாணத் தட்டை இங்கே ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அதில் தெரியும் வீடு இல்லை, பந்தலில் நிற்பவர்களில் பலரும் இல்லை. அதற்கு நகல் எங்கும் கிடையாது.

ஆகவே இன்றைக்கும் யாராவது என்ன பிளேயர் வாங்கலாம் என்று கேட்டால் ப்ளூ-ரே பக்கம் போகாதீர்கள் என்கிறேன். பல ப்ளூ-ரே பெட்டிகள் விசிடியை வாசிப்பதில்லை. முப்பது நாற்பது பவுண்டுக்குள் சாதாரண டிவிடி பிளேயர் போதும். புதிய டீவிகளில் ஸ்கார்ட் துளை இருக்காது, அதனால் எச்டிஎம்ஐ வேண்டும். பெருக்கிக் காட்டும் ஜூம் பொத்தான் வேண்டும். பழைய தமிழ் டிவிடியில் சினிமாஸ்கோப் படம் சதுரச் சட்டத்துக்குள் அடைந்திருக்கும், ஜூம் இல்லையென்றால் அகலத் திரையில் நாலு பக்கமும் கறுப்புதான். வாங்கும் முன் ஒரு விசிடியையும் ஒரு எழுதிய தட்டையும் கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். வீட்டுத் தட்டு என்றால் முதல் முறை ஓடும்போதே கணினியில் முழுத் தட்டையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் திணறினால் வேறொரு டிரைவில் போடுங்கள், ஒன்று விட்டதை இன்னொன்று வாசிப்பதுண்டு.

மோர்டன் பக்கத்து சாரிட்டி கடைகளில் பழைய பிளேயர்கள் பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் ரிமோட் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த மறைவான மெனு முன்பக்கப் பொத்தான்களில் திறக்காது.