எழுத்தைச் சிறிதாக்கிய அச்சர்

தமிழ்த் திருச்சபை வரலாற்றில் மொழிபெயர்த்தவர்களை நாம் அறிவோம், அச்சிட்டவர்களை அறியோம். அமெரிக்க மிஷன் 1838-இல் சென்னையில் ஓர் அச்சகத்தை விலைக்கு வாங்கிற்று. அதனை நடத்த 1840-இல் கடல் கடந்து வந்தவர் பினியாஸ் ஹண்ட். இவர் குருப்பட்டம் பெற்றவரல்லர், தொழிலால் அச்சர்.

அக்காலத் தமிழ் அச்செழுத்துக்கள் பருமனானவை. சிறிதாக வார்த்தாலோ, சுழிகளில் மை அடைத்து வாசிக்க இயலாது போகும். எழுத்துப் பருக்கத் தாள் மிகுந்தது. தாள் மிக, நூலின் கனமும் விலையும் ஏறின. ஹண்ட் தெளிவு குன்றாமல் எழுத்தைச் சிறிதாக்கினார். 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி அதற்குச் சான்றாகும். யாழ்ப்பாணத்தில் யோசேப்பு நைட் தொடங்கி, அவர் 1840-இல் மறைந்தபின் பலர் கைமாறி வளர்ந்த அவ்வுழைப்பில், 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் ஒரே தொகுதிக்குள் அடங்கின.

சென்னைப் பணி முடிந்தபின், ஹண்ட் 1868-இல் பீக்கிங் நகருக்குச் சென்றார். அங்கும் அச்சுப்பணியே ஆற்றி, 1878-இல் காலமானார்.

அகராதியின் முகப்புத் தாளில் ஹண்டின் பெயர் உண்டு. அவரோடு நின்று எழுத்துக் கோத்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் இல்லை. பிரசங்கபீடத்தில் நிற்போர் மட்டுமே ஊழியர் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. ஆதலால், சபை வரலாறு கற்கும் மாணவர் குருமாரின் நாட்குறிப்புகளோடு நின்றுவிடலாகாது. பழைய நூல்களின் முகப்புத் தாளையும், அதில் இடம்பெறாத கைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.