கொழும்பின் கணினித் திரையில் வானிலை

இணையத்திலிருந்து வெப்பநிலை, காற்று, மழை வாய்ப்பு ஆகியவற்றை இறக்கி, கணினித் திரையின் ஓரத்தில் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும் சிறு மென்பொருள்கள் 2000களில் கொழும்பு வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தன. வெள்ளவத்தையில் இருப்பவரும் கொட்டாஞ்சேனையில் இருப்பவரும் அவற்றில் தெரிவு செய்யக் கிடைத்த ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஒன்றுதான்: கொழும்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த இடத்துக் கருவி நின்றது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி.

நகரின் வானிலையை முறையாக அளக்கும் வேலை இணையத்துக்கு மிக முந்தியது. புல்லர்ஸ் வீதி என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய பௌத்தாலோக மாவத்தையில் 1907இல் அவதான நிலையம் எழுந்தது. நில அளவைத் திணைக்களத்தின் கீழ் இருந்த இப்பணி 1948இல் தனித் திணைக்களமாயிற்று. இன்றைய வளிமண்டலவியல் திணைக்களம் அதுவே. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் கொழும்பு நிலையத்தின் எண் 43466. முந்திய 24 மணி நேர மழை நாள்தோறும் காலை 8.30க்கு அளந்து பதியப்படுகிறது. 1992 ஜூன் 4ஆம் திகதிக்குரிய 493.7 மில்லிமீற்றர் இந்தப் பதிவேட்டில் வருவது. நகரின் ஆண்டு மழை சுமார் 2,400 மில்லிமீற்றர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. இத்தகைய செய்திகள் மக்களை எட்டிய வழிகள் நெடுங்காலம் இரண்டே: வானொலிச் செய்தியின் இறுதியில் வரும் வானிலை அறிக்கை, மறுநாள் பத்திரிகை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1991இலேயே டெல்நெட் வழியாக வானிலைத் தகவலை எவரும் படிக்கத் திறந்துவிட்டது. இலங்கையில் வணிக இணையச் சேவை தொடங்கியது 1995இல். தொலைபேசி இணைப்பில் நிமிடக் கணக்குக்குக் காசு போன அந்த நாட்களில், வெப்பநிலை பார்க்க மட்டும் யாரும் இணையத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். 2000இல் அறிமுகமான வெதர்பக் போன்ற நிரல்கள் இணைப்பு எந்நேரமும் இருக்கும் என்று எண்ணியே எழுதப்பட்டவை. கொழும்பில் அவை உண்மையாகப் பயன்பட்டது அகலப்பட்டை இணைப்பு வீடுகளுக்கு வந்த பின்னரே.

அப்போது திரையில் தெரிந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் விமான நிலையத்திலிருந்து. விமானிகளுக்காக உலக விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்னும் சுருக்கக் குறிப்பு எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. லினக்ஸ் கணினிகளின் க்நோம், கேடிஈ வானிலை நிரல்கள் அதையே நம்பியிருந்தன. கட்டுநாயக்கவின் குறியீடு விசிபிஐ, இரத்மலானையின் குறியீடு விசிசிசி. கட்டுநாயக்க, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே 25 கிலோமீற்றருக்கும் அப்பால். இரத்மலானை, வெள்ளவத்தைக்குத் தெற்கே சுமார் 6 கிலோமீற்றர். பகலில் 30 பாகை, இரவில் 26 பாகை என்ற அளவுக்கு இந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது. மழைக்குத் தெரியும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், பிற்பகல் இடிமழை ஒரு பகுதியை நனைத்து அடுத்த பகுதியை வெயிலில் விட்டுப் போவது கொழும்பில் வழக்கம். தவிரவும் மெட்டார் மழை பெய்கிறது என்று சொல்லுமே ஒழிய எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லாது. 2010 நவம்பரில் ஓரிரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டிப் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அந்த மழைக்கும் சாதாரண மாலை மழைக்கும் இத்தகைய நிரலிடம் இருந்தது ஒரே மேகப் படம்தான்.

நேரமும் ஒருமுறை குழம்பியது. 1996இல் மாற்றப்பட்ட இலங்கை நேரம் 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக ஆக்கப்பட்டது. மெட்டார் குறிப்புகள் உலகப் பொது நேரத்தில் வருபவை. பழைய நேரவலயத்தை வைத்திருந்த கணினியில் நண்பகல் அவதானிப்பு 12.30க்கு உரியதாகத் தெரியும்.

விண்டோஸ் விஸ்டா 2007இல் வானிலைக் கருவியைத் திரையோரத்தில் தானாகவே கொண்டுவந்தது. தனியாக ஒன்றைத் தேடி நிறுவும் தேவை குறைந்தது. பாதுகாப்புக் குறை காரணமாக அவ்வகைக் கருவிகளை முடக்கிவிடும்படி மைக்ரோசொப்ட் 2012இல் அறிவுறுத்தியது. 2021இல் வானிலை விண்டோஸ் 10இன் கீழ்ப்பட்டைக்கே வந்துவிட்டது.

இதற்கிடையே ஆழமான மாற்றம் நடந்தது எண்ணின் பிறப்பிடத்தில். இன்றைய நிரல் ஒரு நிலையத்தின் அளவீட்டை மட்டும் எடுத்துக்காட்டுவதில்லை. உலகைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் மாதிரிகளின் முடிவையும் சேர்த்துத் தருகிறது. ஐரோப்பிய நடுத்தரகால முன்னறிவிப்பு நிலையத்தின் உலக மாதிரி 2016இல் 9 கிலோமீற்றர் கட்டத்துக்கு இறங்கியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 8 கிலோமீற்றர்தான். கைப்பேசி இருப்பிடத்தைப் பார்த்து "வெள்ளவத்தை" என்று திரை பெயர் போடலாம். அந்தப் பெயரளவுக்குக் கணிப்பும் நுணுக்கமானது என்று எடுத்துக்கொள்வது தவறு. திணைக்களத்தின் இணையத்தளம் மும்மொழியிலும் தரும் அறிவித்தல் மேல் மாகாணம் என்று பரந்த பெயரையே சொல்கிறது. தன் கணிப்பு எவ்வளவு துல்லியமானது என்பதை அது மறைக்கவில்லை.

வடகொழும்புக்கு இன்னொரு எண்ணும் வேண்டும். களனி கங்கை மத்திய மலைநாட்டில் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தருகே கடலில் கலக்கிறது. கொட்டாஞ்சேனையில் வானம் வெளுத்திருக்கும்போதும் மேலே பெய்த மழை கீழே ஆற்றங்கரைக் குடியிருப்புகளை மூழ்கடிக்கும். நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவுகோல் இன்றும் அடிக்கணக்கில் வாசிக்கப்படுகிறது: 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016 மே மாத வெள்ளத்தில் அது 7 அடியைத் தாண்டியது. கணினியின் கீழ்ப்பட்டை இந்த எண்ணைக் காட்டுவதில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவீடுகளைத் தாங்கி அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கையை அதற்காகத் தனியே திறந்து பார்க்க வேண்டும்.