லாபிஸ் வானத்தில் குதித்தவர்களும் பேங்காக்கில் கையெழுத்திட்டவர்களும்

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் விரைவுப் பேருந்துகள் இளைப்பாறும் ஊர் யோங் பெங். மீன் உருண்டை வாங்கவும் கால் கை நீட்டிக்கொள்ளவும் பயணிகள் இறங்குவார்கள். அரை மணி நேரத்தில் மறுபடியும் ஏறிவிடுவார்கள். இந்தச் சிறு நகரைச் சுற்றியுள்ள சாலைகளில்தான் தென்கிழக்காசிய நாடுகள் பகைத்த கதையும் கூடிய கதையும் கிடக்கின்றன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

மேற்கே மூவாருக்குப் போகும் சாலையில் பாரிட் சூலோங் பாலம் இருக்கிறது. 1942 ஜனவரியில் யோங் பெங்கை நோக்கிப் பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் அந்தப் பாலத்தைக் கடக்க முடியாமல் மடக்கப்பட்டனர். நடக்க முடிந்தவர்கள் காட்டு வழியாகத் தப்பினர். விட்டுச் செல்லப்பட்ட காயமடைந்தோர் சுமார் 150 பேரை ஜப்பானியப் படை கொன்று குவித்தது. அந்த ஜப்பானும் ஒரு கூட்டமைப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வந்தது. 'மகா கிழக்காசியக் கூட்டு வளப் பகுதி' என்பது அதன் பெயர். அந்த வளத்தின் சுவையைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

வடக்கே சாஆவைத் தாண்டினால் லாபிஸ். 1964 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு, இந்தோனேசிய விமானத்திலிருந்து நூறு பேருக்குச் சற்றுக் குறைவான வீரர்கள் அந்த வட்டாரத்தில் பாராசூட்டில் குதித்தனர். அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான் பொந்தியான் கடற்கரையில் வேறொரு குழு இறங்கியிருந்தது. மலேசியா என்ற கூட்டரசே கூடாது என்று அதிபர் சுகர்ணோ தொடுத்த 'மோதல்' காலம் அது. பால்மரக் காட்டில் சிதறிய வீரர்களைக் கூர்க்கா, நியூசிலாந்துப் படையினர் தேடிப் பிடித்தனர். அதிகாலையில் மரம் வெட்டப் போக வேண்டிய தோட்டப் பாட்டாளிக்கு அண்டை நாடு என்றால் அன்று அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு ஓராண்டு முன்புதான், 1963இல், மலாயா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து 'மாப்பிலிண்டோ' என்றொரு அமைப்புக்குக் கைகோத்திருந்தன. மலேசியா பிறந்ததும் அது உதிர்ந்துபோயிற்று. சபாவுக்கு உரிமை கோரிய பிலிப்பைன்சும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. போதாக்குறைக்கு 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது. ஜொகூர் பாலத்தின் இரு முனைகளும் இரு நாடுகளாயின. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்றிருந்த குடும்பங்கள், கடப்பிதழைப் பற்றி முதன்முதலாக யோசிக்க வேண்டி வந்தது.

இவ்வளவு பகைக்கும் பிறகு இந்த நாடுகள் எப்படி ஒரே மேசைக்கு வந்தன? பெரிய இலட்சியம் அவர்களைக் கூட்டவில்லை. களைப்பும் பயமும் கூட்டின என்பதே சரி. இந்தோனேசியாவில் சுகர்ணோவின் பிடி தளர்ந்து சுகார்த்தோ எழுந்தார். வியட்நாமில் போர் எரிந்துகொண்டிருந்தது. 1966 ஆகஸ்டு 11ஆம் தேதி ஜகார்த்தாவில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதலை முடித்துக்கொண்டன. அதற்கு மூன்று நாள் குறைய ஓராண்டில், 1967 ஆகஸ்டு 8ஆம் தேதி, பேங்காக்கில் ஆசியான் பிறந்தது.

கையெழுத்திட்ட ஐவர்: மலேசியாவின் துன் அப்துல் ரசாக், இந்தோனேசியாவின் ஆடம் மாலிக், தாய்லாந்தின் தானாட் கோமன், பிலிப்பைன்சின் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம். இந்த ஐந்தாமவர் தமிழர். 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்த தந்தையோடு மலாயாவில் வளர்ந்து, சிரம்பானில் படித்தவர். நாட்டு நலனோடு வட்டார நலனையும் எண்ணிப் பார்க்க வேண்டும், அதற்கு வலிமிகுந்த விட்டுக்கொடுத்தல்கள் தேவைப்படும் என்று அன்றே எச்சரித்தவர் அவர்.

வலி சீக்கிரமே வந்தது. சிங்கப்பூரில் 1965இல் மெக்டோனல்ட் கட்டடத்தில் குண்டு வைத்து மூவரைக் கொன்ற இரு இந்தோனேசியக் கடற்படை வீரர்களைச் சிங்கப்பூர் 1968 அக்டோபரில் தூக்கிலிட்டது. ஜகார்த்தா கொதித்தது. அதே ஆண்டில் சபா விவகாரத்தில் மலேசிய, பிலிப்பைன்ஸ் உறவும் அறுந்தது; 1969 இறுதியில்தான் ஒட்டியது. அமைப்பு அப்போதே செத்திருக்கலாம். ஆனால் 1973இல் ஜகார்த்தா சென்ற லீ குவான் இயூ, தூக்கிலிடப்பட்ட அந்த இருவரின் கல்லறையில் மலர் தூவினார். எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத செயல் அது. எழுதப்பட்ட பலவற்றைவிட அதிகம் சாதித்தது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1951இல் நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்கி, பிறகு நாடாளுமன்றம், நீதிமன்றம், 2002இல் கையில் புழங்கும் ஒரே நாணயம் என்று அதிகாரத்தை மேலே தூக்கிக் கொடுத்தது. அதனால்தான் 2020இல் பிரிட்டன் வெளியேறியபோது அத்தனை சிக்கல். ஆசியானோ எதையும் மேலே தூக்கிக் கொடுக்கவில்லை. முதல் உச்சநிலை மாநாடு நடக்கவே ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1976இல் பாலியில்தான் தலைவர்கள் கூடினர். 1992இல் சுதந்திர வாணிப வட்டாரம், 2008இல் சாசனம், 2015 இறுதியில் பொருளாதாரச் சமூகம் என்று ஆமை வேகம். சுங்க வரியைக் குறைக்க ஒப்புக்கொண்ட மலேசியா, புரோட்டோன் கார் என்றதும் 2005 வரை தவணை கேட்டது. விட்டுக்கொடுத்தல் பற்றி ராஜரத்தினம் சொன்னது இதைத்தான் போலும்.

இந்தோனேசியாவின் ஆக்கிரமிப்பில் 1975 முதல் 1999 வரை இருந்த திமோர் லெஸ்தே, 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் பதினொன்றாவது உறுப்பினராயிற்று. அதே ஆண்டு ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் சுட்டுக்கொண்டன. புத்ராஜெயாவில் சண்டை நிறுத்தப்பட்டது. டிசம்பரில் மீண்டும் மூண்டது.

தோட்டப்புறத்து மனிதருக்கு இதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. சரக்குகளுக்கு வரி போனது. தொழில்திறன் படைத்தோரில் பொறியாளர், தாதியர், மருத்துவர், கணக்காளர் என எட்டுத் துறையினருக்கே பரஸ்பர அங்கீகார ஏற்பாடு உண்டு. லாரி ஓட்டுநரும் துப்புரவுப் பணியாளரும் அந்தப் பட்டியலில் இல்லை. 1964இல் இந்தோனேசியர்கள் ஆகாயத்திலிருந்து குதித்த நிலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இன்று அதே நாட்டவர் வேலை பெர்மிட்டோடு வந்து குலை வெட்டுகிறார்கள். அங்கு முன்பு வேலை செய்த தமிழர்களின் பிள்ளைகளில் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறார்கள்.

2025 ஜனவரி 7ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் வரைபடத்தில் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், பெங்கெராங் எல்லாம் உள்ளன. யோங் பெங் அதற்கு வடக்கே, கோட்டுக்கு வெளியே நிற்கிறது.