தோட்டத்து வாத்தியார் வரலாறு போதிக்க வந்த வழி



இன்று நம் பிள்ளைகள் நான்காம் ஆண்டிலேயே வரலாற்றைத் தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். 2014ஆம் ஆண்டில்தான் இந்த ஏற்பாடு வந்தது. அதைப் போதிக்கத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் வந்து நிற்பதற்குள் எத்தனை காலம் பிடித்தது!

தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கொட்டகை போட்டாயிற்று, வாத்தியாருக்கு எங்கே போவது? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் பல இடங்களில் வாத்தியார். பயிற்சியும் கிடையாது, போதிய சம்பளமும் கிடையாது. இருந்தும் நம் பாட்டன்மார் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியவர் அவர்தான். அவரைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. பாடப் புத்தகங்களோ இந்தியாவிலிருந்து வந்தவை. கங்கையும் காவிரியும் தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கும் நானிங் தெரியாது.

மலாய் ஆசிரியர்களுக்கு 1900இலேயே மலாக்காவில் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே வரலாறு போதித்தவர் நம் மலாக்காவைச் சேர்ந்த அப்துல் ஹாடி பின் ஹாஜி ஹசான். அவர் 1920களில் 'செஜாரா அலாம் மெலாயு' என்னும் வரலாற்று நூலை மலாய் மொழியிலேயே எழுதினார். பின்வந்த பாகங்களை எழுதிய பூயோங் ஆடிலும் ஆசிரியர்தான். பெரிய பட்டதாரிகள் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பாடம் சொன்ன வாத்தியாரே எழுதினார்.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்கும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்கும் பிறகே தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. மலாயாவை மையமாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் படிப்படியாகத் தோட்டங்களுக்கு வந்தார்கள்.

இனி அந்த ஆசிரியர் என்ன சொல்லித் தர வேண்டும்? 1831-32இல் இதே வட்டாரத்தில் நானிங் தலைவர் டோல் சைட் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார். அவரை அடக்க வந்த படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். பால்மரம் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டார் இங்கே காலடி வைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது நமக்குப் பெருமை தராது; ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதுதானே வரலாறு?

பெற்றோர்களே! தோட்டங்கள் விலைபோகின்றன, லயங்கள் இடிபடுகின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பதிவுச் சீட்டு, படம், கடிதம் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வாத்தியார் எழுதி வைக்கட்டும். நாம் எழுதாவிட்டால் நமக்காக வேறு யாரும் எழுத வரமாட்டார்கள்.