எவரும் கணக்குக் கேட்காத உயிர்கள்: ‘சூசைட் ஸ்குவாட்’ கதைமரபின் வரலாறு

சமூகத்தோடு ஒட்டாதவர்களையும் தண்டனை பெற்ற குற்றவாளிகளையும் ஒன்றாகச் சேர்த்து, அவர்கள் விரும்பாத ஓர் ஆபத்தான பணியில் இறக்கிவிடும் சாகசக் கதை, இன்று அமெரிக்க வரைகதையிலும் திரையிலும் தனியொரு வகையாக நிலைபெற்றுவிட்டது. 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘சூசைட் ஸ்குவாட்’ படங்களும், 2025இல் வெளிவந்த ‘தண்டர்போல்ட்ஸ்’ படமும் அவ்வகையின் அண்மைக்கால எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து நிற்கிறது: கெட்டவருக்குள்ளும் நல்ல உள்ளம் ஒன்று உண்டு. இக்கதைமரபின் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், அதைவிடக் கடினமான கேள்வியொன்று எழுகிறது. இவர்களைப் பணியவைக்கும் அதிகாரம் யாருடையது? இவர்கள் செத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இத்தகைய கதை எழுதப்படுவதற்கே அமெரிக்க வரைகதை உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், வரைகதைகள் சிறுவர்களைக் குற்றவழிக்கு இழுக்கின்றன என்று வாதிட்டு நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் இளையோர் குற்றங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு அப்பொருளை விசாரித்தது. அரசு தலையிடுமுன் தாமே முந்திக்கொள்ள விரும்பிய பதிப்பாளர்கள், ‘காமிக்ஸ் கோட்’ எனப்படும் தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். குற்றவாளியின் மீது வாசகருக்குப் பரிவு தோன்றும்படி எழுதலாகாது; காவலரையும் நீதிபதியையும் அரசு அமைப்புகளையும் மதிப்புக் குறையும்படி காட்டலாகாது; இறுதியில் நன்மையே வெல்ல வேண்டும். இவ்விதிகளின் கீழ், குற்றவாளி நாயகனாவதும் அரசு வில்லனாவதும் ஒருசேரத் தடைப்பட்டன.

‘சூசைட் ஸ்குவாட்’ என்ற பெயர் முதன்முதலில் அச்சேறியது இந்தத் தணிக்கைக் காலத்தில்தான். 1959இல் டி.சி. நிறுவனத்தின் ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ இதழில் ராபர்ட் கானிகர் எழுத, ராஸ் ஆண்ட்ரு வரைந்த அக்கதையில் வந்தவர்கள் நால்வர். ரிக் ஃபிளாக் என்னும் படைவீரர், இரு அறிவியலாளர்கள், ஒரு மருத்துவப் பணிப்பெண். எவர் மீதும் குற்றக் கறை இல்லை. உயிரைப் பணயம் வைக்கத் தாமே முன்வந்தவர்கள் அவர்கள். பெயரில் தற்கொலை இருந்தது, கட்டாயம் இருக்கவில்லை.

ஒதுக்கப்பட்டவர்களின் குழு என்ற கருத்து 1963இல் ‘டூம் பேட்ரோல்’ தொடரோடு வலுப்பெற்றது. விபத்தால் உடல் சிதைந்து மனிதர் நடுவே வாழ இயலாமற்போன மூவரை, சக்கர நாற்காலியில் அமர்ந்த அறிவியலாளர் ஒருவர் திரட்டுகிறார். 1968இல் அத்தொடர் நிறுத்தப்பட்டபோது, எழுத்தாளர் ஆர்னால்டு டிரேக் அதற்கு ஓர் அசாதாரண முடிவைத் தந்தார். சிறு மீன்பிடி ஊரொன்றின் பதினான்கு பேர் சாகவேண்டும், அல்லது குழுவினர் சாகவேண்டும் என்கின்றனர் வில்லன்கள். முன்பின் அறியாத அப்பதினால்வருக்காகக் குழுவினர் தம் உயிரைக் கொடுக்கின்றனர். இங்கும் சாவு அவர்களே தேர்ந்துகொண்டது.

கட்டாயம் என்ற கூறு போர்த் திரைப்படத்திலிருந்து வந்தது. 1967இல் ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய ‘தி டர்ட்டி டசன்’, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரண தண்டனையோ நீண்ட சிறைவாசமோ பெற்ற பன்னிரு அமெரிக்க இராணுவக் கைதிகளின் கதை. பிரான்சில் ஜெர்மன் அதிகாரிகள் கூடும் மாளிகை ஒன்றைத் தாக்கினால் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று அவர்களுக்கு ஆசை காட்டப்படுகிறது. பன்னிருவரில் உயிரோடு திரும்புபவர் ஒருவரே. நான்கு ஆண்டுகளில், 1971இல், வரைகதைத் தணிக்கை விதிகளும் தளர்த்தப்பட்டன. குற்றவாளியைப் பரிவோடு சித்திரிக்கவும், அரசு அதிகாரிகளின் ஊழலைச் சில நிபந்தனைகளோடு காட்டவும் இடம் கிடைத்தது. பிற்காலத் தொடருக்கு வேண்டிய இரு கதவுகளும் அன்று திறந்தன.

அவற்றின் வழியே முழுமையாக நுழைந்தவர் ஜான் ஆஸ்ட்ராண்டர். சிகாகோ நாடக மேடையிலிருந்து வரைகதைக்கு வந்த அவர், 1987இல் ‘சூசைட் ஸ்குவாட்’ தொடரைப் புதிதாகத் தொடங்கினார். லூக் மெக்டானல் ஓவியர். பின்னர் ஆஸ்ட்ராண்டரின் மனைவி கிம் யேலும் எழுத்தில் இணைந்தார். 1992 வரை 66 இதழ்கள் வெளிவந்தன. பேட்மேனிடமும் ஃபிளாஷிடமும் தோற்றுச் சிறை புகுந்த இரண்டாந்தர வில்லன்களே இதில் மாந்தர். குறி தவறாத, ஆனால் உயிர்வாழ விருப்பமற்ற டெட்ஷாட். கோழையும் வஞ்சகனுமான கேப்டன் பூமராங். அரசுக்காக ஒரு பணியை முடித்து உயிரோடு திரும்பினால் தண்டனைக் குறைப்போ விடுதலையோ உண்டு. செத்தால், அப்படியொரு பணியே நடக்கவில்லை.

காலமும் இதற்குப் பொருத்தமாக அமைந்தது. ரேகன் அரசு ஈரானுக்கு மறைவாக ஆயுதம் விற்று, அதில் வந்த பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிவிட்ட செய்தி 1986 நவம்பரில் வெளிப்பட்டது. தொடரின் முதல் இதழ்கள் வாசகர் கைக்கு வந்த 1987ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆட்சியாளர் தேவைப்பட்டபோது மறுத்துவிடக்கூடிய செயல்கள் என்பது அன்றைய அரசியலின் அன்றாடச் சொல்லாடல். வரைகதையிலும் இக்குழுவுக்கு இசைவு தருபவர் ரேகனே. அவர் பெயரோடும் முகத்தோடும் கதையில் தோன்றுகிறார்.

குழுவை ஆள்பவர் அமாண்டா வாலர். சிகாகோவின் கப்ரீனி கிரீன் குடியிருப்பில் வாழ்ந்த கறுப்பினப் பெண். கணவரையும் இரு பிள்ளைகளையும் வன்முறைக்குப் பறிகொடுத்தவர். எஞ்சிய பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் படித்து அரசியலில் உயர்ந்தவர். மீஆற்றல் எதுவும் அவரிடம் இல்லை. பருத்த உடலும் நடுவயதும் கொண்ட அப்பெண்மணி, பேட்மேனையே நேருக்கு நேர் எதிர்த்து நிற்பவர். வன்முறையால் சிதைந்த ஒருவரே, பிறரைச் சாவுக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றிருக்கிறார் என்பதே தொடரின் ஆறாத முரண்.

அவர் கையிலுள்ள கருவி, கைதிகளின் மணிக்கட்டில் பூட்டிய வெடிவளையம். குறித்த எல்லையைத் தாண்டினால் அது வெடிக்கும். ஒன்பதாம் இதழில் ஸ்லிப்நாட் என்னும் கைதி, இது வெறும் மிரட்டலாக இருக்கலாம் என்று பூமராங் தூண்டிவிட்டதை நம்பி ஓடுகிறான், கையை இழக்கிறான். பூமராங்குக்கோ வளையம் உண்மையானதா என்று தெரிந்தால் போதும். சோதனைக்குப் பிறன் உடல் கிடைத்துவிட்டது. மேலிருப்பவர் கைதிகளை எப்படிப் பயன்படுத்துகிறாரோ, அப்படியே கைதியும் கைதியைப் பயன்படுத்துகிறான்.

இருபத்திரண்டாம் இதழ் இன்னும் கூர்மையானது. குழுவின் மறைவை வைத்து வாலரை மிரட்டும் செனட்டர் ஒருவரைக் கொல்ல ரிக் ஃபிளாக் புறப்படுகிறார். ஃபிளாக் அவரைக் கொல்லாமல் தடுக்கும்படி டெட்ஷாட்டை அனுப்புகிறார் வாலர். டெட்ஷாட் கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறான்: ஃபிளாக் சுடுமுன் தானே செனட்டரைச் சுட்டுவிடுகிறான். கட்டாயத்தால் பணியவைக்கப்பட்டவனிடம் கீழ்ப்படிதலைப் பெறலாம், பொறுப்புணர்வைப் பெற இயலாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது.

இக்கதைகளின் சிறைச்சாலை லூசியானா மாநிலத்தில் அமைந்திருப்பதும் கருதத்தக்கது. அதன் பெயர் பெல் ரீவ். டென்னசி வில்லியம்ஸின் புகழ்பெற்ற நாடகத்தில், இரு சகோதரியரின் குடும்பம் இழந்துவிடும் தோட்டப் பண்ணையின் பெயரும் அதுவே. பண்ணையின் பெயர் சிறைக்கு வந்தது புனைவின் விளையாட்டாக இருக்கலாம். மெய்யான லூசியானாவில் பண்ணையே சிறையாயிற்று. அங்கோலா எனப்படும் அம்மாநிலச் சிறை, அடிமைகளை வைத்து வேளாண்மை நடந்த தோட்டங்களின் நிலத்தில் 18,000 ஏக்கரில் பரந்திருக்கிறது. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்காக விட்டுவைத்தது. அதன்பின் லூசியானா தன் கைதிகளைத் தனியார் குத்தகைக்கு விட்டது. 1901இல்தான் அவர்களை மீண்டும் மாநிலமே நேரடியாகப் பொறுப்பேற்றது. அம்மண்ணில், ஒரு கறுப்பினப் பெண்ணின் கையில் வெடிவளையத்தின் விசையைக் கொடுத்தது இத்தொடர்.

கைதியின் உடலை அரசு தன் கருவியாக்கிய வரலாறு அமெரிக்காவோடு முடிவதில்லை. 1942 ஜூலையில் ஸ்டாலின் பிறப்பித்த 227ஆம் ஆணை, பின்வாங்கிய வீரர்களுக்கெனத் தண்டனைப் படைப்பிரிவுகளை அமைத்தது. மிக ஆபத்தான முனைகளே அவற்றுக்கு ஒதுக்கப்பட்டன. 1940களில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில், மலேரியா மருந்துகளைச் சோதிப்பதற்காக இசைவு தந்த கைதிகளுக்கு நோய் தொற்றவைக்கப்பட்டது. 2022இல் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை, ஆறு மாதம் போரிட்டால் மன்னிப்பு என்ற பேரத்தோடு சிறைகளிலிருந்து பல்லாயிரவரை உக்ரைனுக்கு அழைத்துச் சென்றது. ‘சம்மதம்’ என்ற சொல் சிறைச்சுவருக்குள் எவ்வளவு பொருள்படும் என்பதே எல்லா இடத்தும் எஞ்சும் கேள்வி.

திரை இக்கேள்வியை ஒரே விதமாகக் கையாளவில்லை. 2016ஆம் ஆண்டுப் படத்தில் வெடி மணிக்கட்டிலிருந்து கழுத்துக்கு ஏறிவிட்டது. ஸ்லிப்நாட் இம்முறையும் பூமராங்கின் சொல்லைக் கேட்டு ஓடுகிறான். இம்முறை தலையே போகிறது. ஆயினும் அது சில நொடிகளில் கடந்துபோகும் காட்சி. 2021இல் ஜேம்ஸ் கன் இயக்கிய படம் மூலத்தொடரின் அரசியலுக்கு நெருக்கமானது. குழுவினர் அனுப்பப்படுவது, தம் அரசே பங்கேற்ற கொடுமையொன்றின் சான்றுகளை அழிப்பதற்காக. நகரமே அழியும் நிலையில் திரும்பிவர ஆணையிடுகிறார் வாலர். குழுவினர் மறுத்து நகரை நோக்கித் திரும்புகின்றனர். வெடியின் விசையை வாலர் அழுத்த முனையும்போது, அவருடைய அலுவலகப் பணியாளர்களே அவரை வீழ்த்துகின்றனர். வீரம் அங்கே கைதிகளிடம் மட்டுமின்றி, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த எழுத்தர்களிடமும் பிறக்கிறது.

இதே சிக்கலை மீஆற்றல் எதுவுமின்றி இந்தியத் திரை முன்பே தொட்டிருக்கிறது. வி. சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ 1957இல் வெளிவந்தது. ஔந்து சமஸ்தானத்தில் நடந்த சுதந்திரபுரம் திறந்தவெளிச் சிறைச் சோதனையே அதன் தூண்டுதல். கொலைக்குற்றம் புரிந்த அறுவரை ஒரு சிறை அதிகாரி சுவரற்ற தரிசு நிலத்துக்கு அழைத்துச் சென்று உழவு செய்விக்கிறார். தலைப்பின் இரு கண்கள் அதிகாரியுடையவை. பன்னிரு கைகள் கைதிகளுடையவை. அங்கே வெடிவளையம் இல்லை. தம்மை நம்பிய கண்களின் நினைவே ஓட முனைந்தவர்களைத் தடுக்கிறது. 1975இல் அது எம்.ஜி.ஆர். நடிக்க ‘பல்லாண்டு வாழ்க’ என்று தமிழுக்கும் வந்தது. எனினும், அந்தக் கண்களும் கண்காணிப்பே என்று வாதிட இடமுண்டு. வேறுபாடு ஒன்றுதான்: அந்த அதிகாரி கைதிகளோடு அதே வெயிலில் நின்றார்; இறுதியில் உயிரை இழந்தவரும் அவரே.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயை எதிர்த்து நின்றவர்களில் 900க்கும் மேற்பட்டோர் கலிஃபோர்னியாவின் சிறைக் கைதிகள். அவர்கள் விரும்பி அப்பணியில் சேர்ந்தவர்கள். அப்போது அடிப்படை நாட்கூலி ஏறத்தாழ 6 முதல் 10 டாலராக இருந்தது. விடுதலைக்குப் பின் அவர்களில் பலருக்குத் தீயணைப்புத் துறையின் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. பழைய குற்றப் பதிவை நீக்கக் கோர வழிசெய்யும் சட்டம் 2020இல்தான் வந்தது. ஆபத்து வேளையில் அவர்களை நாயகர்கள் என்று வாழ்த்துவது எளிது. தீ அணைந்த மறுநாள் அவர்களுக்கு என்ன பெயர் என்பதைத்தான் ஆஸ்ட்ராண்டரின் தொடர் தன் 66 இதழ்களிலும் கேட்டுக்கொண்டிருந்தது.