குளியலறைத் தரைக்கும் ஒரு வரலாறு உண்டு

நம் வயதுக்காரர்களுக்குக் குளியலறை என்றதும் நினைவுக்கு வருவது கிணற்றடியும் அங்கே பதித்த கடப்பைக் கல்லும்தான். பிறகு சுவர் எழுந்தது, கூரை வந்தது. டைல்ஸ் வந்தது கடைசியில்.

தரைக்கு முதலில் புகழ்பெற்றது சிமெண்ட் ஓடு. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் பரவிய பொருள் இது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் இதை 'கரோ தெ சிமான்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைச் சூளையில் சுடுவதில்லை. வண்ணச் சிமெண்டை அச்சில் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுக விடுவார்கள். காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் அதையே கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு ஓட்டின் முகத்தில் இறங்கிவிடும். பம்பாயில் 1922-ல் பாரத் நிறுவனம் சுதேசி நோக்கத்தோடு சிமெண்ட் ஓடு செய்யத் தொடங்கியது.

கூடத்துக்கு அழகான இந்த ஓடு குளியலறைக்கு ஒத்துவராது. சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சும். ஆசிட் பட்டால் அரிக்கும். நம் பாலாற்றுப் பக்கத்தில் இது இன்னும் பெரிய தொல்லை. தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த உப்பு தரையில் வெள்ளையாகப் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவோம். ஓட்டோடு இணைப்புச் சிமெண்டும் போய்விடும்.

அடுத்து வந்தது மண்ணைச் சுட்டு மெருகேற்றிய டைல்ஸ். இன்று நம் நாட்டில் விற்பதில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. இதில் இரண்டு வகையை அறிந்துகொள்ள வேண்டும். சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்குள் நிற்கும். சுவருக்கு உள்ளதைத் தரையில் போட்டால் சீக்கிரம் உடையும்.

போன வருடம் என் மனைவி பளபளப்பான தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதனால் இம்முறை கடையில் நான் நிறத்தைப் பார்க்கவில்லை. மாதிரி டைல்ஸின்மேல் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றி, காலை வைத்துப் பார்த்தேன். மெருகில்லாத, சொரசொரப்பான, ஓரடிக்கு ஓரடி டைல்ஸைத் தேர்ந்தெடுத்தோம். சிறிய டைல்ஸில் இணைப்புகள் அதிகம். காலுக்குப் பிடிப்பும் அதிகம். இணைப்புக்கு ஆசிட் தாங்கும் எபாக்சி பூசச் சொன்னேன்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நீங்களும் டைல்ஸை நனைத்துப் பார்த்தே வாங்குங்கள்.